எல்லா எம்12 போல்ட்டும் ட்ரெயின் போல்ட் ஆகிவிடாது

கேட்டவர் சொன்னதைச் சுருக்கினால் இதுதான்: பைக்கின் ஆயில் ட்ரெயின் போல்ட், அதாவது பழைய ஆயிலை வடிக்க எஞ்சினின் அடியில் திறக்கும் போல்ட், அதன் தலை மழுங்கிவிட்டது, ஸ்பேனர் வழுக்குகிறது. புதிது தேடினால் காந்தம் வைத்தது, நிறம் ஏற்றிய அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், டைட்டானியம் என்று வரிசையாக வருகின்றன. எல்லாவற்றிலும் எம்12 என்றே போட்டிருக்கிறது. எதை வாங்கினாலும் சேருமா, எது நல்லது? கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: பழைய போல்ட்டில் லேசாக ஆயில் கசிகிறது, புதிது போட்டால் நின்றுவிடும் என்று நினைக்கிறாராம்.

எனக்கு அந்தக் கடைசி வரிதான் கேள்வியாகப் படுகிறது. தலை மழுங்கியதும் ஆயில் கசிவதும் பெரும்பாலும் ஒரே கதையின் இரண்டு முனைகள். யாரோ ஒருவர் பழைய வாஷரையே திரும்பப் போட்டிருப்பார். கசிந்திருக்கும். நிறுத்துவதற்காக இன்னும் கொஞ்சம் இறுக்கியிருப்பார். அடுத்த முறை கழற்ற வந்தவருக்கு அது அசைந்திருக்காது. பொருந்தாத ஸ்பேனரை வைத்துத் தம் கட்டியிருப்பார், தலை மழுங்கியிருக்கும். இந்த வரிசை சரியென்றால், போல்ட்டைவிட அது ஏறும் துளையின் மரைதான், அதாவது திருகுப் புரிதான், அதிகம் அடிபட்டிருக்கும். நான் இருபது வருடத்துக்கு மேலாக எஞ்சின் வேலை செய்கிறேன். அதில் கணிசமான நாட்கள் அடுத்தவர் கெடுத்த மரையைச் சரிசெய்வதிலேயே போயிருக்கின்றன. அந்தப் பழக்கத்தில் பேசுகிறேன் என்பதையும் சேர்த்தே வாசியுங்கள். நன்றாக இருக்கும் மரைகள் என்னிடம் வருவதில்லை.

முதலில் ஒரு அடிப்படை. இப்போது ஓடும் ஏறத்தாழ எல்லா பைக்குகளிலும் கிராங்க் கேஸ், அதாவது இந்தப் போல்ட் ஏறும் எஞ்சினின் அடிக்கூடு, வார்ப்பு அலுமினியம். கம்பெனி கொடுக்கும் ட்ரெயின் போல்ட் ஸ்டீல். இரண்டும் மல்லுக்கட்டினால் தோற்பது அலுமினியம்தான். போல்ட் என்பது தேய்ந்தால் தூக்கிப்போட்டு மாற்றக்கூடிய பொருள். கேஸ் அப்படியில்லை; அதை மாற்றுவதென்றால் எஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டும். அதனால் போல்ட்டின் நிறத்தையும் உலோகத்தையும் வைத்து விவாதிப்பதற்கு முன், கேஸின் மரையைக் கெடுக்காத போல்ட் எது என்று கேட்பதுதான் முறை. இல்லாவிட்டால் தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.

சரி, எம்12 விஷயத்துக்கு வருவோம். எம்12 என்பது மரையின் வெளி விட்டம் 12 மில்லிமீட்டர் என்று மட்டும்தான் சொல்கிறது. ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி, அதாவது பிட்ச், தனி. சாதாரண ஹார்டுவேர் போல்ட்டில் எம்12 என்றால் பிட்ச் 1.75 மில்லிமீட்டர். ட்ரெயின் போல்ட்டுகள் அனேகமாக நுண்மரை: எம்12க்கு 1.5 பரவலாக இருக்கிறது, 1.25ம் உண்டு. எம்14ஆக இருந்தால் ட்ரெயின் போல்ட்டில் பெரும்பாலும் 1.5, அதே எம்14 ஹார்டுவேர் போல்ட்டில் 2.0. எனவே பெட்டியில் கிடக்கும் ஏதோ ஒரு எம்12 போல்ட்டை எடுத்து மாட்டும் யோசனை அங்கேயே முடிந்தது. வாங்கும்போது எம்12×1.5 என்று இரண்டு எண்ணும் சேர்ந்து எழுதியிருக்கிறதா பாருங்கள். ஒரே எண் மட்டும் போட்டு விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

பிட்ச் தவறினால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். 1.5 பிட்ச் துளையில் 1.25 போல்ட்டை விடுகிறீர்கள். முதல் சுற்று ஏறும், இரண்டாவதும் ஏறிவிடலாம். ஒவ்வொரு சுற்றிலும் கால் மில்லிமீட்டர் விலகிக்கொண்டே போகும். அடுத்த சுற்றுக்குள் விரலுக்கு வராது. அந்த இடத்தில்தான் தவறு நடக்கிறது. புதுசு, அதான் இறுக்கமாக இருக்கிறது என்று ஸ்பேனரை எடுக்கிறோம். ஸ்பேனர் போட்டால் ஏறத்தான் செய்யும். அலுமினியத்தைச் சீவிக்கொண்டு ஏறும். வெளியே எடுத்துப் பார்த்தால் போல்ட்டின் மரைப் பள்ளத்தில் வெள்ளிக் கம்பிபோலச் சுருண்ட ஒரு இழை இருக்கும். அது உங்கள் எஞ்சினின் மரை.

இதைத் தவிர்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. பழைய போல்ட்டையும் புதிய போல்ட்டையும் பக்கவாட்டில் ஒன்றோடொன்று மரை கோர்த்துப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். முழு நீளத்துக்கும் பல் பல்லாகப் பொருந்தி, நடுவில் வெளிச்சம் ஒழுகாமல் இருந்தால் பிட்ச் ஒன்றுதான். இரண்டு மூன்று பல்லுக்கு அப்புறம் ஒன்றின் முகடு இன்னொன்றின் முகட்டில் ஏறினால் வேறு பிட்ச். விட்டத்துக்கு வெர்னியர் அளவுகோல் வேண்டும். எம்12 போல்ட்டை அளந்தால் சரியாக 12 வராது, 11.8, 11.9 என்று காட்டும், அது இயல்பு. 12.7க்கு நெருங்கி வந்தால் அது அரை அங்குல மரையாக இருக்கலாம். பழைய அமெரிக்க, பிரிட்டிஷ் எஞ்சின்களில் அங்குலக் கணக்கு உண்டு. அமெரிக்க அரை அங்குல நுண்மரையில் அங்குலத்துக்கு 20 மரை, அதாவது பிட்ச் 1.27. கண்ணுக்கு 1.25 மாதிரியே தெரியும், ஆனால் விட்டம் சேராது. பைப் வேலைக்கான கூம்பு மரை பிளக் ஒன்றை ஒருவர் திருகிவைத்துக் கொண்டுவந்ததையும் பார்த்திருக்கிறேன். அது ஆப்பு மாதிரி. இறுக்க இறுக்கத் துளையை விரித்து வார்ப்பையே பிளந்துவிடும். அதைப் போடவே கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒரு எச்சரிக்கை. பழைய போல்ட்டை வைத்து அளப்பது, அந்தப் பழைய போல்ட் சரியானதாக இருந்தால்தான் பலிக்கும். இரண்டாம் கையாக வாங்கிய பைக்கில், முன்னால் வைத்திருந்தவர் மாற்றிப்போட்ட போல்ட்டாக இருக்கலாம். அதனால் பைக்கின் பாகங்கள் பட்டியலில் அந்த மாடலுக்கு, அந்த வருடத்துக்கு என்ன எண் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை சரிபாருங்கள். நீங்கள் மாடல் எதையும் குறிப்பிடவில்லை. ஆகவே உங்களுடையது இந்த அளவு என்று என்னால் சொல்ல முடியாது. சொல்கிறவரை நம்பவும் வேண்டாம்.

அடுத்தது நீளம். தலைக்குக் கீழிருந்து நுனிவரை அளக்க வேண்டும், தலையைச் சேர்க்கக் கூடாது. 15 மில்லிமீட்டர் நீளமுள்ள எம்12×1.5 போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாஷர் 2 மில்லிமீட்டர் விழுங்கும். மிச்சம் 13. அதை 1.5ஆல் வகுத்தால் எட்டரை மரை பிடிக்கிறது. அதே போல்ட் 10 மில்லிமீட்டர்தான் என்றால் ஐந்து மரை சொச்சம். எட்டு பேர் தூக்கிய சுமையை ஐந்து பேர் தூக்குவது போல. ஸ்டீல் துளையாக இருந்தால் ஐந்தே தாங்கிவிடும். அலுமினியத்தில் கூடுதல் மரை பிடிப்பதுதான் பாதுகாப்பு. நீளம் கூடினால் வேறு வம்பு. சில எஞ்சின்களில் துளைக்கு நேர் உள்ளே வடிகட்டி வலையோ வார்ப்பின் சுவரோ இருக்கும். போல்ட் அதில் போய் முட்டிக்கொண்டு நிற்கும், தலை மட்டும் வாஷரை முழுதாக அழுத்தாது. கைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும், கீழே சொட்டிக்கொண்டும் இருக்கும். காந்தம் வைத்த போல்ட்டுகளில் இதைக் கட்டாயம் பாருங்கள், நுனியில் காந்தம் நீட்டிக்கொண்டிருக்கும்.

தலையின் அடிப்பக்கம் தட்டையாக, அகலமாக, செதுக்கிய தடம் இல்லாமல் இருக்க வேண்டும். மலிவான போல்ட்டுகளில் தலைக்கும் மரைக்கும் இடையே ஒரு சிறு தோள் விட்டிருப்பார்கள். வாஷர் அந்தத் தோளில் சிக்கிக் கோணலாக உட்காரும். வாங்கியதும் வாஷரைப் போட்டு விரலால் சுற்றிப் பாருங்கள். தலையோடு ஒட்டிப் படிகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இப்போது வாஷர். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வையுங்கள். ட்ரெயின் போல்ட்டில் ஆயிலை நிறுத்துவது மரை அல்ல, வாஷர்தான். மரை வழியாக ஆயில் வாஷர்வரை தாராளமாக வரும். அங்கே அடைபட வேண்டும். மெத்தென்ற உலோகத்தில் செய்த வாஷர், தலைக்கும் கேஸுக்கும் நடுவில் நசுங்கி, இரண்டு பரப்பிலும் உள்ள கீறல்களுக்குள் பிதுங்கி அடைத்துக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கியது அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். அடுத்த முறை வேறு கோணத்தில் போட்டால் பழைய மேடு பள்ளம் புதிய மேடு பள்ளத்தோடு பொருந்தாது. அலுமினிய வாஷரை ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் மாற்றுவதே ஒழுங்கு. செம்பு வாஷர் நசுங்கியதும் கடினப்பட்டுவிடும், ஆனால் அதை மீட்கலாம்: மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கி, தண்ணீரில் போட்டாலும் சரி, தானாக ஆறவிட்டாலும் சரி, மறுபடி இளகும். மேலே படியும் கருப்பை மெல்லத் தேய்த்து எடுத்துவிட்டுப் போடலாம். அலுமினியத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். அது சிவக்காது, 660 டிகிரியில் சத்தமில்லாமல் உருகி விழுந்துவிடும். மடித்த தகட்டில் உள்ளே பொள்ளலாகச் செய்த வாஷர்களும் வருகின்றன. அவை ஒரு தடவைக்குத்தான். ஸ்டீல் வளையத்தின் உள்விளிம்பில் ரப்பர் ஒட்டியவை நன்றாக அடைக்கும், குறைந்த இறுக்கத்திலேயே அடைக்கும், பலமுறை வரும். சற்றே அடிபட்ட மரைக்கு இவை ஒரு வரப்பிரசாதம் என்பது என் அனுபவம். ரப்பர் எஞ்சின் ஆயிலின் சூட்டைத் தாங்குவதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். விட்டான் என்ற ரப்பர் வகை நிம்மதியாகத் தாங்கும்.

ஆரம்ப காலத்தில் நான் பட்ட ஒரு பாடு இது. புது போல்ட், புது வாஷர், டார்க் ரெஞ்சு (இறுக்கும் அளவை முன்கூட்டியே வைத்து, அது வந்ததும் க்ளிக் என்று சொல்லும் ஸ்பேனர்) வைத்து அளவாக இறுக்கியாகிவிட்டது, ஆனாலும் சொட்டுகிறது. கழற்றி, இன்னொரு புது வாஷர் போட்டேன். சொட்டுகிறது. மூன்றாவது முறை கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, துளையின் வாயைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. கேஸின் விளிம்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, எப்போதோ போட்டு கேஸோடு ஒட்டிப்போன பழைய வாஷர். அதே அலுமினிய நிறம், அதே அழுக்கு. நகத்தால் நெம்பினேன், டிங்கென்று தரையில் விழுந்தது. புதிய வாஷர்கள் எல்லாம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. அன்றிலிருந்து கழற்றிய போல்ட்டோடு வாஷர் வந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். வரவில்லை என்றால் அது கேஸில் இருக்கிறது. உங்கள் கசிவுக்கும் இது காரணமாக இருக்கலாம்.

வாஷருக்குப் பதிலாக மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவது வேண்டாம். அடைக்க வேண்டிய இடம் அது அல்ல என்பது ஒன்று. மரை வழுக்குவதால் அதே விசையில் கூடுதலாக இறுகிவிடும் என்பது இன்னொன்று. பிய்ந்த துணுக்கு உள்ளே போனால் வலையில் போய் அப்பிக்கொள்ளும்.

உலோகம் பற்றிக் கேட்டீர்கள். இங்கே உறுதியாகச் சொல்லக்கூடியதையும் என் அபிப்பிராயத்தையும் பிரித்தே சொல்கிறேன். உறுதியானது: சாதாரண ஸ்டீல் போல்ட் இந்த வேலைக்கு முழுக்கப் போதும், கம்பெனிகள் அதையே போடுகின்றன. இதைவிட வலுவான ஸ்டீல் வாங்குவதால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் முறிவது போல்ட் அல்ல. அலுமினிய போல்ட்டின் தலை மிருதுவானது, ஸ்பேனர் ஒருமுறை வழுக்கினால் உருண்டுவிடும். ஏற்கெனவே தலை மழுங்கிய அனுபவம் உள்ள உங்களுக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கேஸும் அலுமினியம், போல்ட்டும் அலுமினியம், சூட்டில் இரண்டும் ஒன்றாக விரியும், அதனால் தளராது என்று ஒரு விளம்பரப் பேச்சு உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் விரிகிறது, ஸ்டீல் சுமார் 12. எஞ்சின் 80 டிகிரி சூடேறினால் 12 மில்லிமீட்டர் விட்டத்தில் வரும் வித்தியாசம் ஏறக்குறைய நூற்றில் ஒரு மில்லிமீட்டர். ஸ்டீல் போல்ட் போட்ட எஞ்சின்கள் இத்தனை காலமாக அந்த நூற்றில் ஒன்றோடு ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பற்றி என் கருத்து கலவையானது. துருப்பிடிக்காது, தலை பளபளவென்று இருக்கும். ஆனால் அலுமினியத்தோடு சேர்ந்து ஈரமும் உப்பும் பட்டால் அலுமினியத்தின் பக்கம் அரிக்கும். உள்ளே ஆயில் படலம் இருப்பதால் மரை அப்படி அரித்ததை நான் அதிகம் பார்த்ததில்லை, தலையைச் சுற்றிய வெளிப்பரப்பில்தான் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். கடலோரத்தில் ஓட்டுகிறவர்கள் யோசித்து வாங்கலாம். டைட்டானியம் அழகுதான். ட்ரெயின் போல்ட்டில் மிச்சமாகும் சில கிராம் எடையால் பைக் வேகமாகப் போகும் என்றால், ஓட்டுகிறவர் காலையில் ஒரு இட்லி குறைத்துக்கொண்டாலே போதும்.

காந்தம் வைத்த போல்ட்டுக்கு நான் எதிரி அல்ல, சொந்த வண்டியிலும் போட்டிருக்கிறேன். பெரும்பாலான பைக்குகளில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில்தான். கியர் பற்கள் உதிர்க்கும் இரும்புத் துகள் அந்த ஆயிலில் சுற்றிக்கொண்டிருக்கும், காந்தம் கொஞ்சத்தைப் பிடித்து வைக்கும். எஞ்சினின் ஆயுள் அதனால் இத்தனை கூடும் என்று யாராவது எண் சொன்னால் நான் நம்பமாட்டேன். துகளைப் பிடிக்கும் முக்கிய வேலையை ஃபில்டர் செய்கிறது. காந்தத்தின் உண்மையான பயன் வேறு: அது ஒரு சோதனைச் சீட்டு. ஆயில் மாற்றும்போது நுனியில் சாம்பல் நிறத்தில் மை மாதிரிப் பசை இருந்தால் இயல்பு. புது எஞ்சினின் முதல் ஆயில் மாற்றத்தில் அது கூடுதலாகவே இருக்கும். விரலிடுக்கில் தேய்க்கும்போது நறநறவென்று உறுத்தினாலோ, ஊசிபோன்ற செதில்கள் நிமிர்ந்து நின்றாலோ உள்ளே என்னவோ உடைகிறது. பிஸ்டனின் அலுமினியமோ வெண்கல புஷ்ஷோ தேய்ந்தால் காந்தம் வாயைத் திறக்காது, அதையும் மனதில் வையுங்கள்.

வாங்கும்போது காந்தம் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். துளையில் அழுத்திச் செருகி, விளிம்பை மடித்து அடித்திருந்தால் நல்லது. வெறும் பசையில் ஒட்டியிருந்தால், சூடான ஆயிலில் பசை விட்டு, காந்தம் எஞ்சினுக்குள்ளேயே உலாவப் போய்விடும். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் வலு இழக்கத் தொடங்கும் ரகம். ஆயில் 100 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அதிக வெப்பத்துக்கான ரகங்கள் தனியாக இருக்கின்றன. விற்பவர் வெப்ப அளவைக் குறிப்பிட்டிருந்தால் அதை எடுங்கள்.

தலையின் வடிவம் சின்ன விஷயம்போலத் தெரியும், உங்களைப் போலத் தலை மழுங்கியவருக்கு அப்படியில்லை. வெளியே ஆறு பட்டை உள்ள, உயரம் சற்றுக் கூடிய தலை நல்லது. ஸ்பேனருக்குப் பிடி கிடைக்கும். உள்பக்கம் ஆலன் கீ போடும் தலைகள் தட்டையாக இருப்பதால் கல்லில் அடிபடாது, ஆனால் குழிக்குள் சேறு இறுகிக் கெட்டியாகிவிடும். அதைக் குத்தியெடுக்காமல் கீயைச் செருகினால் அரைகுறையாக நின்று குழியை உருட்டிவிடும். தலையில் கம்பி கட்டத் துளையிட்ட போல்ட்டுகளும் உண்டு. பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு அது தேவை. அங்கே ட்ரெயின் போல்ட்டுக்குக் கம்பி கட்டியிருக்க வேண்டும் என்பது விதி, ஒருவர் சிந்திய ஆயிலில் பின்னால் வருகிறவர்கள் சறுக்குவார்கள். சாலையில் ஓட்டுகிறவருக்குக் கட்டாயமில்லை. திருகினால் திறக்கும் குழாய் மாதிரியான வால்வுகள் ஆயில் மாற்றச் சுலபம். ஆனால் எஞ்சினுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் நான் பைக்கில் விரும்புவதில்லை. கீழே காப்புத் தகடு இல்லாத வண்டியில் ஒரு வேகத்தடை போதும்.

எவ்வளவு இறுக்குவது? எம்12 அளவில் பல கம்பெனிகள் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர் வரை சொல்கின்றன. எம்14இல் சில 40ஐத் தாண்டும். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண்தான் கடைசி வார்த்தை. 24 நியூட்டன் மீட்டர் என்றால் கைக்கு எவ்வளவு என்று பார்ப்போம். 15 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் சுமார் 16 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம். 30 சென்டிமீட்டர் கைப்பிடியில் அதே இறுக்கத்துக்கு வெறும் 8 கிலோ. நீளமான கைப்பிடியில் உடம்பைச் சாய்த்து ஒரு தம் கொடுத்தால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு போய்விடுவது அதனால்தான். டார்க் ரெஞ்சு வைத்திருப்பவர்கள் அதன் கீழ் எல்லையைப் பாருங்கள். சக்கர நட்டுக்காக வாங்கிய பெரிய ரெஞ்சு 40இலிருந்துதான் தொடங்கும். அதில் 24 வைக்க முடியாது, க்ளிக் வரும் என்று காத்திருந்தே மரையை உரித்தவர்கள் உண்டு. மரையில் கிரீஸோ, மரை பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்ட்டி-சீஸ் பசையோ தடவினால் வழுக்கல் கூடும். அதே எண்ணில் போல்ட் அதிகமாக இழுபடும். அதனால் துடைத்துவிட்டு, ஒட்டியிருக்கும் ஆயில் ஈரத்தோடு மட்டும் போடுவதுதான் என் வழக்கம்.

போடும்போது முதலில் விரலால் இடப்பக்கமாக, கழற்றும் திசையில், மெல்லச் சுற்றுங்கள். ஓரிடத்தில் லேசாகத் தொபுக்கென்று விழும். அங்கேதான் இரண்டு மரைகளின் ஆரம்பமும் சந்திக்கின்றன. அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் வெண்ணெய் போல ஏறும். வாஷர் தொடும்வரை விரலிலேயே வர வேண்டும். வராவிட்டால் கழற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள், ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

உங்கள் வண்டியில் முதல் வேலை மழுங்கிய போல்ட்டைக் கழற்றுவது. எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு வெதுவெதுப்பாக்குங்கள், கை சுடும் அளவுக்கு வேண்டாம். பன்னிரண்டு முனை சாக்கெட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, ஆறு முனை சாக்கெட்டைத் தலையில் சுத்தியால் தட்டி ஏற்றிப் பாருங்கள், பெரும்பாலும் பிடித்துவிடும். பிடிக்காவிட்டால் பூட்டிக்கொள்ளும் பிளையர். அதற்கும் மசியாவிட்டால் தலையின் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துக் கழற்றுவது உண்டு, ஆனால் ஆயில் உள்ள எஞ்சினில் அதை வீட்டில் முயற்சிக்க வேண்டாம். அதற்கு முன் ஒன்று: அது ட்ரெயின் போல்ட்தானா என்று படத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். சில எஞ்சின்களில் கியர் தடுப்பு ஸ்பிரிங்கின் போல்ட்டும் அடியிலேயே இருக்கும். சில ஸ்கூட்டர்களில் கீழே தெரியும் பெரிய மூடி வடிகட்டி வலைக்கானது. திறந்தால் ஸ்பிரிங்கும் வலையும் ஆயிலோடு தட்டில் விழும், எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் முழிக்க வேண்டியிருக்கும்.

போல்ட் வெளியே வந்ததும் அதன் மரைப் பள்ளத்தில் வெள்ளி இழை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மேற்கொண்டு புதிய போல்ட் தேடுவதை நிறுத்துங்கள், கேஸின் மரைக்குத்தான் வைத்தியம் தேவை. பழைய துளையில் தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் தடித்த போல்ட்டுகள் விற்கின்றன. நடுவழியில் மாட்டிக்கொண்டவருக்கு வீடு வந்துசேர உதவும், அவ்வளவுதான். அது வெட்டும் சீவல் எஞ்சினுக்குள் போகிறது, அடுத்த முறை இன்னும் பெரிய துளையோடு நிற்பீர்கள். எபாக்ஸி பூசி ஒட்டுவது அதைவிட மோசம். முறையான வழி, துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, ஹெலிகாயில் போன்ற கம்பிச் சுருளையோ டைம்-செர்ட் போன்ற கெட்டி புஷ்ஷையோ பதிப்பது. ட்ரெயின் துளை அடிக்கடி கழற்றப்படுவதால் நான் கெட்டி புஷ்ஷின் கட்சி. சுருளும் ஒழுங்காகப் பதித்தால் வருடக்கணக்கில் வரும், பழைய அலுமினிய மரையைவிட உறுதியாகவே இருக்கும். சுற்றியுள்ள வார்ப்பு தடிமனாக இருந்தால் 12.5 மில்லிமீட்டர் துளையிட்டு எம்14×1.5 மரை வெட்டி, அந்த அளவு போல்ட்டைப் போட்டுவிடவும் முடியும். எந்த வழியானாலும் துளை நேராக, கேஸின் பரப்புக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். கோணினால் வாஷர் ஒரு பக்கமே அழுந்தும். மரை வெட்டும் கருவியான டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் அப்பிக்கொண்டால் சீவல் ஒட்டிக்கொள்ளும், கடைசியில் கொஞ்சம் ஆயிலை மேலிருந்து ஊற்றி மிச்சத்தைக் கழுவிவிட வேண்டும். இதுவரை செய்யாதவர் இதைத் தன் சொந்த எஞ்சினில் முதல்முறையாகப் பழக வேண்டாம் என்பேன்.

வெள்ளி இழை இல்லை, விரலால் போட்டால் நன்றாக ஏறுகிறது என்றால், உங்கள் கேள்விக்கு என் பதில் சலிப்பூட்டும் ஒன்றுதான்: அந்த மாடலுக்கான கம்பெனி ஸ்டீல் போல்ட், கூடவே நாலைந்து வாஷர். காந்தம் வேண்டுமென்றால் பிட்ச், நீளம், காந்தத்தின் பிடிப்பு மூன்றையும் பார்த்துவிட்டுப் போடுங்கள். மாட்டிய பிறகும் கசிவதுபோல இருந்தால் உடனே போல்ட்டைச் சந்தேகிக்காதீர்கள். கிளட்சைத் தள்ளும் தண்டின் சீல் (ஆயிலை அடைக்கும் ரப்பர் வளையம்), கியர் லீவர் தண்டின் சீல், செயின் பல்சக்கரத் தண்டின் சீல் எதில் கசிந்தாலும் ஆயில் கேஸின் அடியில் வழிந்து, தாழ்வாகத் தொங்கும் ட்ரெயின் போல்ட்டின் நுனியில் வந்துதான் சொட்டும். அடிப்பக்கம் முழுவதையும் பிரேக் க்ளீனரால் கழுவிக் காயவிட்டு, முகப்பவுடரை லேசாகத் தூவிவிடுங்கள். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், ஆயில் எங்கிருந்து புறப்பட்டு வந்தது என்று பவுடரில் கோடு போட்டிருக்கும். அப்புறம் ஆயில் மட்டத்தைச் சரிபார்த்து, இரவு வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துவையுங்கள். காலையில் அட்டையில் பொட்டு இருந்தால், அந்தக் கோட்டின் படத்தோடு மாடலையும் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.